குறுக்குக் கல்

"ஐயா, இந்த ரோட்டுல பேய் இருக்குன்னு சொல்றாங்களே, நீங்க பாத்திருக்கீங்களா?"

வேனில் ஏறி, ஈரக் குடையைக் காலடியில் போட்டதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி அது.

"ரோட்டுல குழி இருக்கு. அத பாத்திருக்கேன்" என்றார் பொன்னுரங்கம்.

திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்துப் புயல் மழை. பகல் இரண்டு மணிக்கே வானம் அடுப்புக்கரி பூசிய சட்டிபோல் கவிழ்ந்து கிடந்தது. எதிரே வந்த பேருந்துகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்தன.

பொன்னுரங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லாரி, டிராக்டர் என்று ஓட்டி, கடைசியில் இந்த வாடகை வேனில் வந்து நிற்கிறார். வண்டியில் ஏறுகிற ஒருத்தரையும் அவர் நம்பியது கிடையாது. சிரித்துக்கொண்டே ஏறுகிறவன் பாதி வழியில் வாந்தி எடுப்பான். சாமி பேரைச் சொல்லி ஏறுகிறவன் சீட்டுத் துணியைக் கிழித்துவிட்டுப் போவான். இவள் பெயர் அனுப்பிரியா, சென்னை, கதை எழுதுகிறவளாம். இல்லாததை இருக்கிறது என்று சொல்லுகிற தொழில். இவளை எந்தக் கணக்கில் நம்புவது?

அன்றைக்குச் சவாரிக்கே வந்திருக்கக் கூடாது. ஆலப்பாக்கத்து வீட்டில் மகள் இசைவாணி ஒன்பதாம் மாதத்தோடு இருக்கிறாள். இதற்கு முன் இரண்டு தரித்து, இரண்டும் ஏழாம் மாதத்தில் போய்விட்டன. மருமகன் ராஜவேல் சிங்கப்பூரில். "இந்தத் தடவயும் போச்சின்னா நான் இருக்கமாட்டேன் நைனா" என்று ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சும்மா, சோறு ஆறிப்போச்சு என்கிற மாதிரி சொன்னாள். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஆனாலும் ஒத்துக்கொண்ட சவாரி. சிதம்பரத்தில் இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று வந்துவிட்டார்.

வேன் முதுநகரைத் தாண்டியதும் அவள் கதை சொல்ல ஆரம்பித்தாள்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்குதுங்க ஐயா. கும்பினிக்காரங்க சண்டை நேரம். சிதம்பரத்துல பூக்கட்டுற வீட்டுப் பொண்ணு, புருஷன் செத்துட்டான், வயித்துல புள்ள. பட்டாளத்த விட்டு ஓடி வந்த ஒரு சிப்பாய். ரெண்டு பேருக்கும் எதுலயும் ஒத்து வராது. அவ ஓயாம பேசுவா, அவன் வாயே திறக்கமாட்டான். ஒரே வழி, அதனால சேர்ந்து நடக்குறாங்க. நடக்க நடக்க…"

"லவ்வு."

"ஆமா" என்று சிரித்தாள். "கடைசியில கடலூர்ல கப்பல் ஏறிடுவாங்க."

"ஏறல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவள் விடுகிறவளாக இல்லை. நோண்டி நோண்டிக் கேட்டாள்.

"அந்தக் காலத்து வண்டிக்காரனுவோ சொல்லுவானுங்க. அவளால நடக்க முடியல. பின்னால குதிரைக்காரனுவோ தொரத்திக்கினு வரானுங்க. தலையில இருந்த மூட்டைல நகை இருக்குன்னு நெனச்சான் அந்தச் சிப்பாய். வெட்டிட்டான். தூக்கிக்கினு ஓடிப்போயி அவுத்துப் பாத்தா உள்ள கொழந்தத் துணி. லவ்வாவது கத்திரிக்காயாவது."

"இது நல்லா இருக்கு ஐயா. ஆனா வாங்கிப் படிக்கமாட்டாங்க" என்றாள். பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். பரங்கிப்பேட்டையில் தில்லைநாதன் என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார் கொடுத்த பழைய படமாம். நட்டு வைத்த இரண்டு கல்; அவற்றின் தலையில் குறுக்கே படுக்க வைத்த ஒரு கல்.

"அவளுக்காக வச்ச சுமைதாங்கியாம். புத்தக அட்டைக்கு இதத்தான் போடணும். எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது" என்றார் பொன்னுரங்கம்.

தெரியும்.

ஆலப்பாக்கம் வந்தது. தெருமுனையில் அவர் வீட்டு ஓடு தெரிந்தது. அந்த வீட்டுப் பின்கட்டில், கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது அந்தக் குறுக்குக் கல்.

எட்டு வருடத்துக்கு முன் நாலு வழிச்சாலை வேலை நடந்தபோது இடிபாடு அள்ளிக் கொட்ட அவர் டிராக்டரும் ஓடியது. பழைய ரோட்டோரத்தில் இந்தக் கல்லைப் பார்த்தார். பக்கத்துக்கு ஒன்றாக நின்ற இரண்டும் ஆழமாகப் புதைந்திருந்தன. மேலே கிடந்தது வழவழவென்று, நாலடி நீளம். நல்ல துவைகல். இரண்டு ஆட்களை வைத்து டிரெய்லரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். யார் கேட்கப் போகிறார்கள்? தலையில் சுமக்கிறவன்தான் எவன் இருக்கிறான் இப்போது? மனைவி மங்கலத்துக்குக்கூட எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உண்டு. கல் வந்த பிறகு, மழைக்காலத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில் பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். கத்தி தீட்டுகிற சத்தம். சர்… சர்… என்று. பின்தெருவில் கறிக்கடை கோவிந்தசாமி தீட்டுகிறான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் அனுப்பிரியா கைப்பேசியைப் பார்த்து வழி சொல்ல ஆரம்பித்தாள். வாத்தியார் இடத்தைக் குறித்தே கொடுத்திருக்கிறார். வேறு வழியில்லை. புதுச்சாலையை விட்டு இறங்கி, யாரும் போகாத பழைய ரோட்டில் வேனைத் திருப்பினார். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. காற்றில் சவுக்குகள் ஊளையிட்டன. உள்ளே போகப் போக இருட்டியது. வண்டி விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

இரண்டு கல் மட்டும் நின்றது.

"ஐயோ, மேல்கல்லக் காணோமே! எந்தத் திருட்டுப்பய தூக்கிட்டுப் போனான்?" குடையோடு இறங்கி ஓடினாள் அனுப்பிரியா.

பொன்னுரங்கம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மழையில் முகம் கழுவிக்கொண்டார்.

"இது இன்னாத்துக்கு வைக்கிறதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. "வயித்துப் புள்ளயோட செத்தவ சும்மா போவமாட்டா. சுமந்துக்கினே நிப்பா. அதுக்குதான் கல்லு. வழில போறவன் அவன் சுமைய இதுல இறக்கி வைக்க வைக்க, அவ சுமையும் இறங்கும்."

"கல்லே இல்லன்னா?"

அவர் விரலை மடக்கி எண்ணினார். கல் வந்தது எட்டு வருடத்துக்கு முன். இசைவாணிக்கு முதல் பிள்ளை போனது ஆறு வருடத்துக்கு முன். இரண்டாவது அதற்கடுத்து. இவ்வளவு நாளில் ஒரு தடவையாவது இந்த இரண்டையும் சேர்த்து நினைத்தாரா? இல்லை. நினைக்கவில்லையா, நினைக்கப் பயந்தாரா?

அப்போது மருக்கொழுந்து வாசனை அடித்தது.

புதிய வாசனை இல்லை. தண்ணீரில் கிடந்து அழுகிய மருக்கொழுந்து. அதோடு துருப்பிடித்த இரும்பின் நாற்றம்.

சவுக்குத் தோப்புக்குள்ளிருந்து இரண்டு பேர் நடந்து வந்தார்கள். முன்னால் ஓர் ஆள், நெட்டையாக, ஒரு காலை இழுத்து இழுத்து. பத்தடி பின்னால் ஒரு பெண், நிறைமாதம், தலையில் மூட்டை. மழை அவர்கள்மேல் விழுந்தது. ஆனால் காலடியில் சேறு தெறிக்கவில்லை.

"ஐயா…" என்றாள் அனுப்பிரியா. குரல் கிசுகிசுத்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். "ஐயா, பாருங்க. அவங்கதான். நான் எழுதின மாதிரியே இருக்காங்க."

"வண்டில ஏறு."

"இருங்க ஐயா."

"ஏறுடின்றேன்!"

ஆள் இரண்டு கல்லுக்கும் அப்பால் நின்றுவிட்டான். அந்தப் பெண் மட்டும் கல்லருகே வந்தாள். மூட்டையை இறக்கப் பார்த்தாள். கல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மழை. திரும்பி நேராகப் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு கை புடிங்க."

தலைச்சுமைக்காரி இப்படிக் கேட்டால் மறுக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பகையாளியாக இருந்தாலும் கை கொடுத்துவிட்டுத்தான் மறு பேச்சு. சின்ன வயதில் நெல்லும் கட்டும் சுமந்து வளர்ந்த உடம்பு அவருடையது. வேண்டாம் என்று புத்தி சொல்லுவதற்குள் இரண்டு கையும் தாமாக நீண்டுவிட்டன.

மூட்டையைப் பிடித்தார். அது அவர் தலைக்கு ஏறியது.

ஈரமாக இருந்தது. சூடாக இருந்தது.

உள்ளே ஏதோ உதைத்தது.

அவள் முகத்தில், அப்பாடா என்று, ஒரு நொடிதான் சிரிப்பு வந்தது. அதற்குள் பின்னால் நின்றவன் வந்துவிட்டான். வாளை ஓங்கியது தெரியவில்லை, இறங்கியதுதான் தெரிந்தது. தோள்பட்டையில் விழுந்த முதல் வெட்டில் பச்சை மட்டை பிளக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது கழுத்தில். அவள் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது வெட்டு அந்தக் கைகளின்மேல் விழுந்தது. அவன் முகத்தில் கோபம் இல்லை. விறகு பிளக்கிறவன் முகம்.

"வேணாம்!" என்று அலறிக்கொண்டு அனுப்பிரியா பாய்ந்தாள். "நீ அவள காதலிக்கிற! நிறுத்து!" அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் அவளைப் பார்த்தான். கூந்தலைக் கொத்தாகப் பிடித்து நட்டகல்லில் மோதினான். வாள் நுனியை அவள் மணிக்கட்டில் வைத்து முழங்கை வரை ஒரே இழுப்பாக இழுத்தான்.

பொன்னுரங்கம் ஓட நினைத்தார். முடியவில்லை. தலைச்சுமை அவரை மண்ணில் அறைந்து நிறுத்தியிருந்தது. ஒரு காலை மட்டும் தூக்கி அவன் இடுப்பில் உதைத்தார். கால் காற்றில் போயிற்று.

யாரும் இல்லை.

மழை. இரண்டு கல். கல்லைச் சுற்றிப் பள்ளத்துக்கு ஓடுகிற தண்ணீர் மட்டும் செக்கச் செவேல் என்று இருந்தது. அனுப்பிரியா நெற்றியிலும் கையிலும் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள்.

சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. மங்கலம்.

"யோவ், எங்கய்யா இருக்க? புள்ளைக்கு வலி வந்துடுச்சி. ரத்தமா போவுதுய்யா. கடலூர் ரோட்ல மரம் வுழுந்து ஆம்புலன்சு நிக்கிதாம். வாய்யா சீக்கிரம்!"

வேனை அனுப்பிரியாதான் ஓட்டினாள், துப்பட்டாவைக் கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு. பொன்னுரங்கம் பின்சீட்டில் மடங்கிக் கிடந்தார். அவர் தலைமேல் எதுவும் இல்லை என்றுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் கழுத்து நிமிரவில்லை. கைகள் தலைக்கு மேல் எதையோ பிடித்தபடி இருந்தன. வேன் குழியில் விழுந்தபோதெல்லாம் மேல்கூரைத் தகடு உள்ளிருந்து இடிபட்டது.

"நாந்தான்" என்றார்.

"என்ன ஐயா?"

"கல்ல தூக்குன திருட்டுப்பய. நாந்தான். இந்தச் சுமை அதுமேல தவிர வேற எங்கயும் இறங்காது. எம்பொண்ணு புள்ளைங்கள எல்லாம் நாந்தான்மா…"

கண்ணாடியில் அவரை ஒரு தடவை பார்த்தாள். "முதல்ல கல்ல ஏத்துவோம்" என்றாள். அவ்வளவுதான். எழுதுகிறவளாக இருந்தாலும் காரியக்காரி.

வீட்டு வாசலிலேயே இசைவாணியின் அலறல் கேட்டது. அவள் வாய் திறந்து மூச்சு வாங்குகிற இடைவெளியில், பின்கட்டிலிருந்து இன்னொரு சத்தம்.

சர்… சர்…

மழைத்தண்ணீர் முழங்கால் அளவு நின்ற கிணற்றடியில், துவைகல்லின் முன் குந்தி உட்கார்ந்து அவன் வாள் தீட்டிக்கொண்டிருந்தான். நிதானமாக. தண்ணீரைத் தொட்டுத் தொட்டு.

பொன்னுரங்கம் கடப்பாரையை எடுத்தார். தலைச்சுமையோடு நடந்தார். "போடா தேவ்டியா மவனே" என்று கல்லுக்கும் அவனுக்கும் நடுவில் கடப்பாரையைச் செருகினார். கல் புரண்டது. அவன் எழுந்து வழி விட்டான். பயந்துபோய் விடவில்லை, எங்கே போகிறார்கள் என்று தெரிந்தவன் விடுகிற வழி அது.

"புள்ள சாவுது, நீ துவைகல்ல தூக்கறியா! பைத்தியம் புடிச்சிடுச்சா?" மங்கலம் அவர் மார்பில் அறைந்தாள்.

"சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான். வழில ஒரு நிமிசம். வாய மூடிக்கினு ஒரு பக்கம் தூக்கு."

மூன்று பேருமாகக் கல்லை உருட்டி வேனில் ஏற்றினார்கள். கல்லுக்குப் பக்கத்தில் மகளைப் படுக்க வைத்தார்கள். வண்டி கிளம்பியது. போகும் வழியெல்லாம், மூடிய வேனுக்குள், யாரும் தொடாத அந்தக் கல்லின்மேல் சத்தம் நிற்கவே இல்லை.

"நைனா… யாரோ என் கால புடிச்சி இழுக்கறாங்க நைனா."

"மிதிம்மா அவன. மிதி."

சவுக்குத் தோப்புக்கு வந்தபோது மணி நாலரை. பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. கல்லை இறக்கி நட்டகல்வரை கொண்டுபோனார்கள். தோள் உயரத்துக்குத் தூக்க வேண்டும். மங்கலத்தின் தோளில் ஒரு முனை. அனுப்பிரியாவின் நல்ல கையும் பொன்னுரங்கமும் மறுமுனை. தம் கட்டித் தூக்கி, ஒரு பக்கத்தை ஏற்றியாயிற்று. மறுபக்கத்தை ஏற்றும்போது நட்டகல்லுக்குப் பின்னாலிருந்து அவன் முகம் எட்டிப் பார்த்தது.

பொன்னுரங்கத்தின் இடது கை கல்லுக்கு அடியில் இருந்தது. கையை எடுத்தால் கல் விழும். மகள் வேனுக்குள் கத்திக்கொண்டிருந்தாள்.

கையை எடுக்கவில்லை.

வாள் ஒரே தடவைதான் இறங்கியது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் சேற்றில் விழுந்தன. அவர் ஊளையிட்டுக்கொண்டே கல்லை முன்னால் தள்ளினார். அது தடக்கென்று அதன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

ரத்தம் ஒழுகுகிற கையாலேயே தலைமேல் இருந்ததை இறக்கிக் கல்லில் வைத்தார்.

கழுத்து நிமிர்ந்தது. மருக்கொழுந்து வாசனை வந்தது. இந்தத் தடவை அழுகல் இல்லை. கல்லின்மேல், வெறும் இடத்தில், ஒரு குழந்தை அழுதது. அழுகை அங்கே அறுந்து, வேனுக்குள்ளே தொடர்ந்தது.

"பொட்டப் புள்ளய்யா!" என்று வேனுக்கு ஓடிய மங்கலம் கத்தினாள். "உசுரோட இருக்குய்யா!"

சிதம்பரத்தில் டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லுல நசுங்குச்சுன்றீங்க. இது வெட்டுப்பட்டது மாதிரில்ல இருக்கு?" என்றார். பொன்னுரங்கம் அவரையும் நம்பவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் அனுப்பிரியா கைப்பேசியில் கூப்பிட்டாள். குரல் பாதியாகியிருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதினேன் ஐயா. வெட்டினான்னு. எழுதின அன்னிக்கே என் சமையல் மேடையில அந்தச் சத்தம். நாலாவது மாடி ஐயா. தையல் போட்ட கை திரும்பப் பிரிஞ்சிடுச்சு. பயந்துபோய் அத்தனையும் அழிச்சிட்டு, பழைய மாதிரி கப்பல் ஏத்திட்டேன். நின்னுடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சு. அவனுக்கு வேண்டியது இந்த நல்ல பேருதான் போல" என்றாள்.

எழுதுகிறவள், இல்லாததைச் சொல்லுகிறாள் என்று பொன்னுரங்கம் அதையும் நம்பவில்லை.

சித்திரையில் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் மூன்று கல்லும் இருந்தன. சாயங்காலம், குழந்தையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டே இசைவாணி கடைசிப் பக்கத்தை வாசித்தாள். அவளுடைய சுமையைத் தன் இரு கைகளாலும் இறக்கி வாங்கினான் சிப்பாய். இருவரும் கப்பலேறினார்கள் என்று முடிந்தது.

"பொய்யி" என்றார் பொன்னுரங்கம். "வெட்டிட்டான் அந்த நாயி."

சர்…

பின்கட்டில் கல் இல்லை. மங்கலம் துணி துவைப்பது இப்போது பிளாஸ்டிக் பலகையில். மழையும் இல்லை. கோவிந்தசாமி கடையைப் பூட்டிவிட்டு மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது.

சர்… சர்…

பின்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்தது சத்தம். ஏணைக்குக் கீழே, சிமிட்டித் தரையில் நின்றது.

பொன்னுரங்கம் ஏணையைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். எழுபதை நெருங்குகிற வயதில் எவனுக்கும் தலைவணங்காத மனுஷன், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆளில்லாத தரையைப் பார்த்து, "இல்ல. கப்பல் ஏறுனாங்க. அவன் நல்லவன்" என்றார்.

சத்தம் நின்றது.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் அதைச் சொல்லிவிடுவார். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆடி மாதத்தில் காய்ச்சல் கண்டு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். மூன்றாம் நாள் விடிகாலையில் கண் விழித்ததும் தட்டுத் தடுமாறிக் கூடத்துக்குப் போனார்.

குழந்தை ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

மூன்று புரியில் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரே வெட்டாக அறுபட்டிருந்தன.